நன்னடத்தைச் சான்றிதழ் எதைச் சொல்லும்?

பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் ஒவ்வொருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் ஒன்று தரப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அதில் மாணவரின் ஒழுக்கமும் நடத்தையும் பற்றி ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே ‘நன்று’ என்று எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் சொன்னதைத் தட்டாமல் கேட்டவருக்கும் ‘நன்று’; வகுப்பையே கலக்கியவருக்கும் பெரும்பாலும் ‘நன்று’தான். ஒரு பிள்ளையின் வருங்காலத்தை ஒற்றைச் சொல்லால் கெடுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் எளிதில் மனம் வராது. அந்த இரக்கம் நல்லதே. ஆனால், அதனால் அந்த வரியைப் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

இனி வேறொரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். எழுந்து நடக்க இயலாத, நினைவு மங்கிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவரைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், இரவில் புரட்டிப் படுக்க வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வேலை கேட்டு வருகிறார். கதவு மூடிய பிறகு அந்த அறையில் இருவர் மட்டுமே இருப்பார்கள். அடித்தாலும் கிள்ளினாலும் பட்டினி போட்டாலும் மூதாட்டியால் வெளியே சொல்ல இயலாது. சொன்னாலும், “வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார்” என்று விட்டுவிடுவார்கள். வந்தவர் நல்லவர்தாமா என்பதை நாம் எப்படி அறிவது?

முதியோரையும், தீராத நோயாளிகளையும், அறிவுசார் குறைபாடு உடையோரையும் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வதை நெடுங்காலப் பராமரிப்பு என்கிறோம். அத்தகைய பணிக்கு வருவோரின் முன்வரலாற்றை ஆராயும் முறையைப் பல நாடுகள் சட்டமாக்கியுள்ளன. அவற்றுள் பிரிட்டன் நடந்து வந்த பாதை நீண்டது. தவறுகளும் திருத்தங்களும் நிறைந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இருபது பவுன் அபராதம்

வேலைக்காரரின் நன்னடத்தைச் சான்று என்பது இங்கிலாந்துக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய வீடுகளில் சமையலுக்கோ, குழந்தை பார்க்கவோ, குதிரை லாயத்துக்கோ ஆள் எடுக்கும்போது, முந்திய முதலாளி எழுதித் தந்த கடிதத்தைக் கேட்பார்கள். அக்கடிதம் இல்லாதவருக்கு வேலை கிடைப்பது அரிது. எங்கே ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு உண்டோ, அங்கே போலியும் தோன்றும் அல்லவா? பொய்க் கடிதம் எழுதித் தருவோர் பெருகினர். முதலாளி போல நடித்துச் சான்று கூறுவோரும் இருந்தனர். இதைத் தடுக்க 1792-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. போலிச் சான்று தருவோருக்கு 20 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு வேலைக்காரிக்கு அது ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை.

இந்தச் சட்டம் யாரைக் காக்க வந்தது என்பதைக் கவனியுங்கள். வெள்ளிக் கரண்டி திருடு போகாமல் வீட்டுக்காரரைக் காக்க வந்தது. வேலைக்காரரிடம் அகப்பட்டுத் துன்புறக்கூடிய நோயாளியையோ முதியவரையோ அது நினைக்கவில்லை. அவர்களுள் ஏழைகளாக இருந்தோர் வேறிடத்தில் இருந்தார்கள்.

ஏழையர் விடுதிகள்

1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்தின்படி, பிழைக்க வழியற்றோர் உதவி பெற வேண்டுமானால் ஏழையர் விடுதிக்குள் செல்ல வேண்டும் என்ற முறை வலுப்பெற்றது. உழைக்கக்கூடியவர்கள் அஞ்சி ஒதுங்கும்படி அவ்விடுதிகள் வேண்டுமென்றே கடுமையாக நடத்தப்பட்டன. ஆனால், நாளடைவில் அங்கே நிறைந்தவர்கள் உழைக்க முடியாதவர்களே. ஆதரவற்ற முதியோரும் நோயாளிகளும் அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தனர்.

1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. பழைய ஏழையர் சட்டமும் அதே ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனால், கட்டடங்களை ஒரே நாளில் ஒழிக்க முடியுமா? ஏழையர் விடுதிகள் பல, பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு மருத்துவமனைகளாகவும் முதியோர் இல்லங்களாகவும் தொடர்ந்தன. பீட்டர் டவுன்செண்டு என்னும் சமூகவியல் அறிஞர் 1950-களின் இறுதியில் 173 இல்லங்களை நேரில் சென்று ஆராய்ந்தார். 1962-இல் வெளிவந்த அவருடைய நூல், பழைய கட்டடங்களில் பழைய பழக்கங்களும் தங்கிவிட்டதைக் காட்டியது.

இதே காலத்தில் ரஸ்ஸல் பார்ட்டன் என்னும் மனநல மருத்துவர் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். நீண்ட நாள் மருத்துவமனையில் கிடப்போரிடம் காணப்படும் சோம்பல், ஆர்வமின்மை, சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் தன்மை ஆகியவை எல்லாம் நோயின் விளைவு அல்ல. அவர்கள் நடத்தப்படும் முறையின் விளைவும் ஆகும் என்று அவர் 1959-இல் எழுதினார். சொந்த உடை இல்லை, சொந்தப் பொருள் இல்லை, செய்வதற்கு வேலை இல்லை, வந்து பார்ப்பவர் இல்லை. இந்நிலையில் யாராயினும் அப்படித்தான் ஆவார்கள். இப்படி ஒடுங்கிப்போன மனிதர் தமக்கு இழைக்கப்படும் கொடுமையை எதிர்த்து முறையிடமாட்டார் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம்.

மூக்குக் கண்ணாடி எங்கே?

1965-ஆம் ஆண்டு ஜனவரியில் பார்பரா ராப் என்னும் பெண்மணி, தமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவரைப் பார்க்க லண்டனின் வடபகுதியில் இருந்த ஃப்ரையர்ன் மருத்துவமனைக்குச் சென்றார். 1851-இல் மனநோயாளிகளுக்காகக் கட்டப்பட்ட மிகப் பெரிய கட்டடம் அது. முதியோர் வார்டில் கட்டில்கள் நெருக்கியடித்துப் போடப்பட்டிருந்தன. பெண்கள் எல்லோருக்கும் முடி ஒரே மாதிரியாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய மூக்குக் கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி ஆகியவை எடுக்கப்பட்டுவிட்டன.

இதைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் யார் என்று தெரியாது. காதுக் கருவி இல்லாவிட்டால் கேட்ட கேள்வி புரியாது. பல் இல்லாவிட்டால் சொல்லும் விடை தெளிவாக வராது. இவை மூன்றையும் எடுத்துவிட்டால், நல்ல நினைவோடு இருப்பவரும் புத்தி கலங்கியவராகவே தோன்றுவார். பிறகு அவர் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்?

பார்பரா ராப் மருத்துவர் அல்லர், மனநல ஆலோசகர். அதிகாரப் பதவி எதுவும் அவரிடம் இல்லை. ஆனால், கண்டதை நாட்குறிப்பில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. 1965 நவம்பர் 10-ஆம் நாள் ‘டைம்ஸ்’ நாளிதழில் அவரும் நண்பர்களும் முயன்று ஒரு கடிதத்தை வெளியிடச் செய்தனர். முதியோர் வார்டுகளில் நடப்பதை அறிந்தவர்கள் எழுதியனுப்புமாறு அதில் கேட்கப்பட்டிருந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர்களுள் செவிலியர்களும் இருந்தனர். சமூகப் பணியாளர்களும் இருந்தனர். அவர்கள் தந்த சாட்சியங்களைத் தொகுத்து, 1967 ஜூன் 30-ஆம் நாள் ‘எல்லாம் இழந்து’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பு ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அரசு விசாரணைக் குழுக்களை அமைத்தது. 1968 ஜூலையில் வெளிவந்த வெள்ளை அறிக்கை, நூலில் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆதாரமற்றவை என்று தள்ளியது. சாட்சி சொன்ன செவிலியர்கள் நம்பத் தகாதவர்கள் போல நடத்தப்பட்டனர்.

ஈலியில் ஓர் உதவியாளர்

ஆனால், நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே வேறோர் இடத்தில் தீப்பொறி பற்றிவிட்டது. வேல்சு நாட்டின் கார்டிஃப் நகரில் ஈலி என்னும் மருத்துவமனை இருந்தது. அறிவுசார் குறைபாடு உடையோர் பலர் அங்கே நெடுங்காலமாக வைக்கப்பட்டிருந்தனர். அங்கே பணிபுரிந்த ஓர் உதவியாளர், நோயாளிகள் அடிக்கப்படுவதையும் அவர்களுக்குரிய உணவும் பொருளும் களவாடப்படுவதையும் எழுதி ஒரு செய்தித்தாளுக்கு அனுப்பினார். 1967 ஆகஸ்டில் அச்செய்தி வெளியாயிற்று. பணியாளர் வரிசையில் கடைசிப் படியில் நின்றவர் அவர்.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் ஜெஃப்ரி ஹவ் என்னும் வழக்கறிஞர். பிற்காலத்தில் நிதியமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கியவர் இவரே. குற்றச்சாட்டுகளில் பல உண்மை என்று அவர் குழு கண்டது. அதோடு நிற்காமல், இது ஏன் நடந்தது என்றும் ஆராய்ந்தது. போதிய பணியாளர் இல்லை, வார்டுகளில் நெரிசல், பழமையான செவிலிமுறை, மருத்துவ மேற்பார்வையில் தளர்ச்சி, வெளியுலகத் தொடர்பு இன்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, முறையிட முன்வந்த பணியாளர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. முறையீடு மேலே செல்லவில்லை. முறையிட்டவரே சங்கடத்துக்கு ஆளானார்.

முழு அறிக்கையையும் வெளியிடுவதா, சுருக்கத்தோடு நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. அப்போது சமூகநலத் துறை அமைச்சராக இருந்த ரிச்சர்டு கிராஸ்மன் முழு அறிக்கையையே 1969 மார்ச் 27-ஆம் நாள் வெளியிட்டார். அதன் விளைவாக, நெடுங்கால மருத்துவமனைகளை நேரில் சென்று பார்த்து அமைச்சருக்குத் தெரிவிக்கும் ஆலோசனைப் பணி ஒன்று அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. உள்ளே நடந்ததை வெளியே இருந்து ஒரு கண் பார்க்கத் தொடங்கியது. ஈலி மருத்துவமனை 1996-இல் மூடப்பட்டது.

காவல்துறைக் கோப்பு திறக்கிறது

அடுத்த கட்டத்தில், கொடுமை நடந்த பின் விசாரிப்பதைவிட, கொடுமை செய்யக்கூடியவரை வாசலிலேயே தடுக்கலாமே என்ற எண்ணம் வளர்ந்தது.

இதில் ஒரு நியாயச் சிக்கல் உண்டு. இளமையில் ஒரு தவறு செய்து, தண்டனை முடிந்து, திருந்தி வாழ்பவரை வாழ்நாள் முழுவதும் ‘குற்றவாளி’ என்று ஒதுக்குவது முறையா? முறையன்று என்று கருதிய பிரிட்டன், 1974-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவர் தம் பழைய தண்டனையை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அடுத்த ஆண்டிலேயே சில பணிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிறரைச் சார்ந்து வாழும் எளியோரிடம் பணிபுரிய வருவோர் பழைய தண்டனையையும் சொல்லியாக வேண்டும். திருந்தியவரின் உரிமை ஒரு தட்டிலும், எளியவரின் பாதுகாப்பு மறு தட்டிலுமாக அன்று தொடங்கிய நிறுவை இன்றுவரை முடியவில்லை.

1986 முதல் குழந்தைகளிடம் பணிபுரியும் அரசுத் துறையினர் பற்றிக் காவல்துறையிடம் விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. முதியோருக்கு அத்தகைய பொது ஏற்பாடு அப்போது வரவில்லை. தேவை இல்லாமலா? 1975-லேயே, முதியோர் தாக்கப்படுவதைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்கள் எழுதியிருந்தன. 1987-இல் லண்டனின் சதர்க் பகுதியில் இருந்த நை பெவன் லாட்ஜ் என்னும் முதியோர் இல்லத்தைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. அங்கே முதியோர் முரட்டுத்தனமாகக் கையாளப்பட்டதையும், பணியாளர்களுக்குப் பணம் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டதையும் அது எடுத்துக் காட்டியது.

1997-ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டம் குற்றப் பதிவேட்டுப் பணியகம் ஒன்றை அமைக்க வழி செய்தது. 2002 மார்ச்சில் அது செயல்படத் தொடங்கியது. அதற்கு முன், 2000-ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டம் மற்றொரு வழியையும் வகுத்திருந்தது. எளியோருக்குத் தீங்கு செய்ததாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பெயர்களை ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்பட்டியலில் இருப்பவரை வேறெந்த இல்லமும் பராமரிப்புப் பணிக்கு எடுக்கக்கூடாது. 2004 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தது. ஓர் இல்லத்தில் துரத்தப்பட்டவர் அடுத்த ஊர் இல்லத்தில் மறுநாள் சேர்ந்துவிடுவதை இது தடுக்க முயன்றது.

பெயர் மாறினால்?

இந்தக் காலத்தில்தான் நாட்டையே உலுக்கிய ஒரு கொடுமை நடந்தது. அது முதியோர் இல்லத்தில் அன்று. ஒரு பள்ளியைச் சார்ந்து நடந்தது. ஆயினும் பராமரிப்புப் பணியாளர் அனைவரையும் அது பாதித்ததால் இங்கே கூறுகிறோம். 2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் சோஹம் ஊரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவன் ஒரு பள்ளியின் கட்டடக் காவலன். அவன் மீது முன்பு வேறொரு மாவட்டத்தில் பாலியல் குற்றச்சாட்டுகள் பல எழுந்திருந்தன. எதிலும் தண்டனை விதிக்கப்படவில்லை. அத்தகவல்களை அந்த மாவட்டக் காவல்துறை முறையாகச் சேர்த்து வைக்கவும் இல்லை. மேலும், அவன் வேறொரு குடும்பப் பெயரில் விண்ணப்பித்திருந்தான். அவனுடைய இரு பெயர்களிலும் முழுமையாகத் தேடப்படவில்லை. சர் மைக்கேல் பிச்சர்டு நடத்திய விசாரணை 2004 ஜூனில் இவற்றை வெளிப்படுத்தியது.

பெயர் மாறலாம், கைரேகை மாறாது. இந்த அறிவியல் உண்மையை ஆட்சிப் பணிக்குப் பயன்படுத்தும் வழி நம் நாட்டில்தான் முதலில் வளர்ந்தது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி ஒப்பந்தத் தாளில் கையெழுத்தோடு கைப்பதிவையும் வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்திய அலுவலர்கள் பெரும்பங்கு கொண்டனர். 1901-இல்தான் லண்டன் காவல்துறையில் கைரேகைப் பிரிவு வந்தது. இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பராமரிப்புப் பணியாளரின் கைரேகையை வாங்கியே முன்வரலாற்றை ஆராய்கிறார்கள். பிரிட்டனில் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைக் கொண்டு தேடுவதே பொது வழக்கம். ஐயம் எழுந்தால் மட்டும் கைரேகையைக் கேட்கிறார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. இவர் யார் என்பதைக் கைரேகை உறுதியாகச் சொல்லும். இவர் எப்படிப்பட்டவர் என்பதைக் கோப்புதான் சொல்ல வேண்டும். கோப்பில் ஒன்றும் எழுதப்படாவிட்டால் கைரேகை என்ன செய்யும்?

தராசின் மறு தட்டு

சோஹம் நிகழ்ச்சிக்குப் பின் 2006-இல் எளியோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குழந்தைகளிடமும் எளியோரிடமும் பழகும் பணியில் இருப்பவர், தொண்டர் உட்பட ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே பதிவு செய்யத் திட்டமிடப்பட்டது. இவ்வளவு பேரையும் ஐயத்தோடு பார்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டுப் பின்னர் சுருக்கப்பட்டது. 2012 டிசம்பரில் குற்றப் பதிவேட்டுப் பணியகமும் தடைப்பட்டியலை வைத்திருந்த ஆணையமும் ஒன்றாக்கப்பட்டன.

மறு தட்டில் இருந்தவர்களின் குரலும் கேட்டது. முந்திய பட்டியல் முறையில், புகார் வந்தவுடனேயே ஒருவர் பெயரைத் தற்காலிகமாகச் சேர்த்துவிடுவார்கள். அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்பது பிறகுதான். அதற்குள் அவர் வேலை போய்விடும். மாதக்கணக்கில் வேறு வேலையும் கிடைக்காது. செவிலியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் வாதத்தைக் கேட்காமலேயே பெயரைச் சேர்ப்பது மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று 2009 ஜனவரியில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. முதியவரை முதுகுவலியோடு தூக்கிக் குளிப்பாட்டும், குறைந்த கூலி பெறும் பணியாளருக்கும் மானம் உண்டு. பொய்ப் புகாரிலிருந்து அவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை இத்தீர்ப்பு நினைவூட்டியது.

ஒரு சிறு கணக்கு

இப்போது நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் செய்த கொடுமை அவருடைய சான்றில் ஏற வேண்டுமானால் என்னென்ன நடக்க வேண்டும்? முதலாவதாக, அதை ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, பார்த்தவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். மூன்றாவதாக, கேட்டவர் நம்ப வேண்டும். நான்காவதாக, அது எழுதப்பட வேண்டும். ஐந்தாவதாக, எழுதியது உரிய அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். ஆறாவதாக, அங்கே அது அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். ஏழாவதாக, அடுத்த முறை சரியான பெயரில் தேடப்பட வேண்டும்.

விளக்கத்துக்காக, ஒவ்வொரு படியிலும் பாதி நழுவிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. அதாவது, 128 நிகழ்ச்சிகளில் ஒன்றே சான்றில் ஏறும்! இது வெறும் எடுத்துக்காட்டுதான். உண்மையான அளவு அன்று. ஆனால், ஓர் உண்மை இதிலிருந்து புலப்படும். கணிப்பொறியையும் கைரேகையையும் கொண்டு நாம் சீர்ப்படுத்துவது கடைசி இரண்டு படிகளை மட்டுமே. முதல் மூன்று படிகள் மனிதர்களின் கையில் இருக்கின்றன. பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும், நம்ப வேண்டும்.

சொன்னவரும் கேட்காதவரும்

பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுசார் குறைபாடு உடையோருக்கான இடம் அது. அங்கே மூத்த செவிலியராக இருந்த ஒருவர், பணியாளர்கள் நோயாளிகளைத் துன்புறுத்துவதை 2010 அக்டோபரில் மேலாளருக்கு எழுதினார். பயனில்லை. பராமரிப்பு இல்லங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்துக்கும் தெரிவித்தார். ஆணையமும் தொடர்ந்து விசாரிக்கவில்லை. கடைசியில் பி.பி.சி. தொலைக்காட்சியை நாடினார். தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் பராமரிப்புப் பணியாளராகவே அங்கு வேலைக்குச் சேர்ந்து, மறைத்து வைத்த கருவியால் படம் எடுத்தார். நோயாளிகள் அறையப்படுவதையும், உடையோடு குளிர்ந்த நீரில் நனைக்கப்படுவதையும் 2011 மே 31-ஆம் நாள் நாடு முழுவதும் பார்த்தது. அடுத்த மாதமே அம்மருத்துவமனை மூடப்பட்டது. பதினொரு பணியாளர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012-இல் அவர்களுள் ஆறு பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதை ஈலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் 44 ஆண்டுகள். இடைக்காலத்தில் குற்றப் பதிவேடும் தடைப்பட்டியலும் வந்துவிட்டன. பொதுநலனுக்காக உண்மையை வெளியிடும் பணியாளரைக் காக்க 1998-இல் ஒரு சட்டமும் வந்திருந்தது. முதியோர் வார்டில் ஆள் பற்றாக்குறையைப் பற்றி இடைவிடாமல் எழுதியதைத் தொடர்ந்து 1991-இல் வேலை இழந்த கிரஹாம் பிங்க் என்னும் இரவுநேரச் செவிலியரைப் போன்றவர்களின் அனுபவம் அச்சட்டத்துக்குப் பின்னால் உண்டு. அவ்வளவுக்குப் பிறகும், ஈலியில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது: உள்ளிருந்த ஒருவர் சொன்னார்; கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை; செய்தி ஊடகம் கேட்டது.

இதற்குப் பின் சட்டம் மேலும் இறுகியது. 2015 ஏப்ரல் முதல், பராமரிப்புப் பணியாளர் வேண்டுமென்றே கொடுமை செய்வதும் கவனியாது விடுவதும் இங்கிலாந்திலும் வேல்சிலும் தனிக் குற்றம். அதற்கு இடம் கொடுத்த நிறுவனமும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்.

பதிவே இல்லாத கொலைகள்

சான்றிதழின் எல்லையை இன்னும் கூர்மையாகக் காட்டும் நிகழ்ச்சி கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்தது. அங்கே ஒரு செவிலியர், 2007-க்கும் 2016-க்கும் இடையில், தம் பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தேவையற்ற இன்சுலினைச் செலுத்தினார். எட்டு முதியோர் இறந்தனர். மேலும் ஆறு பேர் தாக்குதலுக்கு உள்ளாயினர். இன்சுலின் நம் உடலில் இயல்பாகவே சுரக்கும் பொருள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மூளை பாதிக்கப்படும். முதியவர் ஒருவர் இரவில் மயங்கி இறந்தால், வயதின் காரணமாக என்றே எண்ணத் தோன்றும். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. 2016-இல் அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் உலகம் அறிந்தது.

அவர் முன்னரே மருந்துத் தவறுகளுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். ஆயினும் சமரச ஏற்பாட்டின்படி அவருக்குப் பரிந்துரைக் கடிதம் ஒன்றும் கொடுக்கப்பட்டது. நம் மாற்றுச் சான்றிதழின் ‘நன்று’ நினைவுக்கு வருகிறதா? நீதிபதி எய்லீன் கிலீஸ் தலைமையில் நடந்த விசாரணை 2019-இல் 91 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றின் சாரம் ஆளைச் சோதிப்பதோடு நிற்கவில்லை. இன்சுலின் போன்ற மருந்துகள் எங்கே, யார் கையில், எவ்வளவு செலவாகின்றன என்று கணக்கு வைக்க வேண்டும். இரவில் போதிய செவிலியர் இருக்க வேண்டும். இல்லத்தில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் கவனமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அமைப்பு முழுவதையும் அது நோக்கியது.

நாம் செய்யக்கூடியது

முன்வரலாற்றுச் சோதனை வீண் என்று நாம் முடிவு கட்டக்கூடாது. சல்லடையில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக மாவைச் சலிக்காமலா விடுகிறோம்? ஒரு முறை தண்டிக்கப்பட்டவர் மறுபடி எளியோரிடம் வராமல் அது தடுக்கிறது. இன்று பிரிட்டனில், தடைப்பட்டியலில் உள்ளவரைத் தெரிந்தே அத்தகைய பணியில் அமர்த்துவது குற்றம். தீங்கு செய்தவரை நீக்கும் நிறுவனம் அதை அறிவித்தாக வேண்டும் என்பதும் சட்டம். ஆனால், சலித்த மாவில் கல் இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் பல் உடையும். சான்றிதழ் கடந்த காலத்தை, அதுவும் யாரோ ஒருவர் துணிந்து சொன்ன கடந்த காலத்தை மட்டுமே காட்டும்.

நம் ஊர்களிலும் முதியோர் இல்லங்கள் பெருகி வருகின்றன. வீட்டோடு தங்கி முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதும் வழக்கமாகி வருகிறது. ஆளை எடுக்குமுன் விசாரியுங்கள். முன்பு வேலை செய்த இடத்தில் நேரில் கேளுங்கள். வேலைக்கு வந்தவருக்கு ஓய்வும் நல்ல கூலியும் மரியாதையும் கிடைக்கின்றனவா என்றும் பாருங்கள். இரவும் பகலும் ஒருவரே தனியாக உழைத்துக் களைத்துப்போகும் இடத்தில் பொறுமை கெடுவது இயல்பு.

அடுத்த முறை இல்லத்தில் இருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ பார்க்கப் போகும்போது, சொல்லிவைத்த நேரத்தில் மட்டும் போகாதீர்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். அவர்களுடைய மூக்குக் கண்ணாடி மூக்கில் இருக்கிறதா, காதுக் கருவி காதில் இருக்கிறதா, பல்செட் வாயில் இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லாவிட்டால், எங்கே என்று கேளுங்கள். 1965-ஆம் ஆண்டில் பார்பரா ராப் செய்ததும் இதைத்தான். பிறகு அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். உளறல் என்று உடனே ஒதுக்காதீர்கள்.